பிசிபி கிட்: மஞ்சள் தாளுக்கு முழு மார்க், கைத்துளைப்பானுக்கு முட்டை

'வீட்டிலேயே பிசிபி செய்யலாம்' என்று ஆன்லைனில் ஒரு கிட் விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பிசிபி என்றால் எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்தும் பலகை, வயருக்குப் பதில் அதன் மேலேயே செப்புக் கோடு (டிராக்) ஓடும். பெட்டிக்குள் லேசர் பிரிண்டில் எடுத்த படத்தைச் செப்புக்கு மாற்றும் மஞ்சள் தாள் பத்து, செப்புத் தகடு ஒட்டிய கையகலக் காப்பர் போர்டு சிலது, செப்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு தூள் ஒரு பை, பேனா தடிமனில் ஒரு கைத்துளைப்பான், அதற்கு ஊசி ஊசியாகச் சில பிட், ஒரு கறுப்பு மார்க்கர். விலை நாற்பது மலேசிய வெள்ளிக்குள். விற்பவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் பயனில்லை, ஒரே பெட்டியைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்குப் பெறுமானமானது அந்த மஞ்சள் தாள் மட்டும்தான். அதைத் தனியாகவே வாங்கலாம், பத்து வெள்ளிக்குள் முடியும். மற்றதையெல்லாம் கோலாலம்பூரில் புடு பக்கம் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாருக்கு ஒரு நடை போனால் இதைவிட நல்லதாக எடுத்துக்கொண்டு வரலாம்.

எனக்கு எதற்கு இது என்றால், காவடி. தைப்பூசம் நெருங்கினால் தம்பிகள் வந்துவிடுவார்கள், "அண்ணே, லைட் ஓடுற மாதிரி ஒரு போர்டு செஞ்சு குடுங்கண்ணே" என்று. சர்க்கியூட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. 555 என்கிற ஐசி (சில்லு) ஒன்று துடிப்பு கொடுக்கும், 4017 என்கிற இன்னொரு ஐசி அதை எண்ணிப் பத்துக் காலில் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும், ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், அது ஒரு வரிசை எல்இடியை ஓட்டும். 12 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் இதை வரிசையாகத் துளை போட்ட புள்ளிப் பலகையில் வயர் வயராக இழுத்துச் செய்தால் பத்துமலையின் 272 படி ஏறி முடிப்பதற்குள் எங்காவது ஒரு வயர் விட்டுப்போகும். காவடி சும்மாவா இருக்கிறது, ஆடுகிறது, சுழல்கிறது, உறுமி மேளம் உச்சத்துக்குப் போகும்போது குதிக்கிறது. அந்த ஆட்டத்துக்குத் தாங்குவது போர்டோடு ஒட்டிப் பிறந்த செப்பு டிராக்தான். சீனாவில் ஆர்டர் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மஞ்சள் தாள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். லேசர் பிரிண்டரின் டோனர் மை கிடையாது, பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் இருக்கும் சூடான ஃபியூசர் உருளை அந்தத் தூளை உருக்கித் தாளின் நாருக்குள் அழுத்துகிறது. மஞ்சள் தாளின் மேலே ஒட்டாத பூச்சு ஒன்று இருப்பதால் டோனர் அதற்குள் இறங்காமல் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அதைக் காப்பரின் மேல் கவிழ்த்து மறுபடி சூடும் அழுத்தமும் கொடுத்தால் டோனர் திரும்ப உருகி காப்பரைப் பிடித்துக்கொண்டு தாளை விட்டுவிடும். ஃபெரிக் குளோரைடு பிளாஸ்டிக்கைத் தொடாது, மூடாத செப்பை மட்டும் தின்றுவிடும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அந்த மையில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் இதே வேலையைப் பளபளப்புத் தாளில்தான் செய்தோம். மாத இதழ், பேரங்காடிக்காரர்கள் தபால் பெட்டியில் திணித்துவிட்டுப் போகும் விளம்பரத் தாள், எது வழவழப்பாக இருக்கிறதோ அது. சீனப் பெருநாள் மலிவு விற்பனைத் தாள் நல்ல கனமாக வரும், இலவசம் வேறு. வேலை நடக்காமல் இல்லை. ஆனால் இஸ்திரி போட்ட பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டைவிரலால் உருட்டி உருட்டித் தாளை எடுக்க வேண்டும், இரண்டு டிராக்குக்கு நடுவே வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும். அந்தப் படலம் இருக்கும் இடத்தில் எட்சிங், அதாவது செப்பை அரித்தெடுப்பது, நடக்காது, இரண்டு டிராக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐசியின் இரண்டு காலுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர்தான், அதற்குள் ஒரு டிராக் நுழைய வேண்டுமென்றால் பழைய டூத்பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மஞ்சள் தாளில் இந்தத் தொல்லையே இல்லை. சூடு ஆறியதும் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் வெறும் தாளாக வந்துவிடுகிறது, ஒரு கோடு கூட மிச்சம் இல்லாமல். அந்த இடத்தில் மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்கே பத்து வெள்ளி கொடுக்கலாம்.

சரி, குறை இல்லையா என்றால் இருக்கிறது. எல்லாக் குறையும் பிரிண்டர் பக்கம்தான் வருகிறது. டோனர் லேசாக உட்கார்ந்திருப்பதால், பிரிண்டாகி வந்த தாளை விரல் நகம் பட்டால்கூட உரிந்துவிடும். பிரிண்ட் எடுத்த கையோடு வேலையை முடிக்க வேண்டும், பைக்குள் மடித்துப் போட்டுக்கொண்டு ரயிலேறுவது ஆகாது. எல்லா பிரிண்டரும் இதற்கு ஒத்துவரவும் மாட்டா. சில கம்பெனி டோனர் அதிக சூட்டில்தான் உருகும், அவற்றில் எடுத்த பிரிண்ட் காப்பரில் பாதி, தாளில் பாதி என்று நிற்கும். அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, மச்சான் கடையில் ஒன்று என்று மூன்று பிரிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். கிட்டின் விளம்பரத்தில் 'எல்லா லேசர் பிரிண்டருக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். வாங்குபவன் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான்.

ஃபோட்டோஸ்டேட் கடையில் கொடுத்து எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆகட்டும், செந்தூல் ஆகட்டும், கடைக்காரர் தாளைத் தடவிப் பார்த்ததுமே திருப்பி நீட்டிவிடுவார். "பாஸ், இது உள்ள போயி ஒட்டிக்கிச்சுன்னா மெஷின் போச்சு" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, எவனோ கண்ட பிளாஸ்டிக் ஷீட்டைக் கொடுத்து ஃபியூசரில் உருகி ஒட்டிய கதை ஒவ்வொரு கடையிலும் ஒன்று இருக்கும். இந்தத் தாள் அப்படி உருகாது என்று விளக்கிச் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க உங்களால் முடிந்தால், கடை மெஷினில் வரும் கறுப்பு வீட்டு பிரிண்டரைவிட நன்றாக இருக்கும். கலர் மெஷின் என்றால் கறுப்பு மட்டும் என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், நாலு நிறத்தையும் கலந்து கறுப்பாக்கி விட்டால் டோனர் கனம் தாறுமாறாகிவிடும்.

வீட்டில் எடுப்பதானால் நான் செய்வது இது. முதலில் சாதாரண ஏ4 தாளில் ஒரு பிரிண்ட். படம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தின் மேல் மஞ்சள் தாளிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி வைத்து, பிரிண்டருக்குள் முதலில் நுழையும் விளிம்பை மட்டும் ஒரு காகித ஸ்டிக்கரால் ஒட்டி (செலோடேப் வேண்டாம், சூட்டில் உருகும்), அதே பக்கமாகத் திரும்ப உள்ளே விட வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு ஏ4 மஞ்சள் தாள் பல போர்டுக்கு வரும், வெறுமனே முழுத் தாளை விட்டு மூலையில் ஒரு தீப்பெட்டி அளவு படம் எடுப்பது சுத்த வீண். டோனர் மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்து, கறுப்பின் அடர்த்தியை முழுதாக ஏற்றி, தாள் வகையைக் கனமான தாள் என்று மாற்றிவிடுங்கள். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தால் தாள் வளையாமல் நேராக வெளியே வரும். அப்புறம் கண்ணாடிப் பிம்பம் விஷயம். போர்டின் அடிப்பக்க டிராக் என்றால் மென்பொருளில் மேலிருந்து பார்ப்பது போல எப்படித் தெரிகிறதோ அப்படியே எடுக்க வேண்டும், திருப்பக் கூடாது, கவிழ்த்து ஒட்டும்போது அது தானாகத் திரும்பிக்கொள்ளும். மேல்பக்கம் என்றால்தான் திருப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் காப்பர் பக்கத்தில் ஒரு ஓரமாக ஏதாவது எழுத்து வைத்துவிடுங்கள், போர்டில் நேராகப் படிக்க முடிந்தால் சரி.

காப்பரைத் தேய்ப்பதில் சோம்பல் படாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வட்டமாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த டிஷ்யூவால் துடைத்து, டிஷ்யூவில் கறுப்பு வராத வரைக்கும் துடைத்து, அதற்கப்புறம் விரலே வைக்கக் கூடாது. நம் ஊர் வியர்வைக்கு ஒரு கைரேகை போதும், அந்த இடத்தில் டோனர் பிடிக்காது.

சூடு கொடுக்க இஸ்திரிப் பெட்டியா, லேமினேட்டரா என்பது பெரிய சண்டை. நான் இஸ்திரி கட்சி. பருத்தித் துணிக்கு வைக்கும் சூடு, நீராவி கண்டிப்பாகக் கூடாது, கீழே கெட்டியான மரப்பலகை, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டு முதலில் அசைக்காமல் உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தி, பிறகு பெட்டியின் முனையால் ஓரம் ஓரமாக நீவ வேண்டும். போர்டின் நடுவில் எப்போதும் நன்றாகப் பிடிக்கும், போகிறது என்றால் ஓரத்தில்தான் போகும். கடையில் கிடைக்கும் சாதாரண ஏ4 லேமினேட்டர் பிளாஸ்டிக் உறைக்குச் செய்தது, 1.6 மில்லிமீட்டர் போர்டைக் கொடுத்தால் உருளை திணறும், உள்ளே போனாலும் சூடு போதாது, பல தடவை விட வேண்டும். 0.8 மில்லிமீட்டர் போர்டு வாங்கினால் ஒத்துப்போகும், அழுத்தமும் ஒரே சீராக இருக்கும் என்பது உண்மை. சூடு ஏற வேண்டும் என்று லேமினேட்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 240 வோல்ட் ஓடும் பிளாஸ்டிக் பெட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இனி கிட்டில் உள்ள மற்றவை. காப்பர் போர்டு பழுப்பு நிறத்தில் வரும், காகிதமும் பிசினும் சேர்த்து அழுத்திய மலிவு ரகம். இஸ்திரி சூட்டில் லேசாக வளைகிறது, வாசனையும் அடிக்கிறது, சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் பேட் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செப்புப் பொட்டு) பெயர்ந்துகொண்டு வருகிறது. பழகுவதற்குப் பரவாயில்லை. காவடி மாதிரி ஆடும் வேலைக்கு எப்.ஆர்.4 என்கிற கண்ணாடியிழைப் போர்டுதான். ஜாலான் பாசாரில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள், செப்பின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான் இருக்கும், நம் வேலைக்கு அது தாராளம். வெட்டும்போது மட்டும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடித் தூசு.

ஃபெரிக் குளோரைடு தூளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம். பொருள் மோசமில்லை, கட்டிக் கொடுத்த விதம் மோசம். மெல்லிய பிளாஸ்டிக் பை, மேலே எடை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தத் தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துபோகிற ஜாதி, கோலாலம்பூர் காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம், எனக்கு வந்த பை மூலையில் ஏற்கெனவே பிசுபிசுவென்று காவி நிறத்தில் கசிந்திருந்தது, பக்கத்தில் இருந்த பிட்டுகளில் துருப் பிடித்திருந்தது. தபாலில் வேறு யாருடைய பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ. கரைக்கும்போது சூடு கிளம்பும், மூக்கைக் குத்தும் புகையும் வரலாம், அதனால் தண்ணீரில்தான் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அரை லிட்டருக்குக் கால் கிலோ போல எடுத்துக்கொண்டால் நன்றாக வேலை செய்யும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். எவர்சில்வர் சிங்க் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எவர்சில்வரையே அரித்துக் குழி போட்டுவிடும். சிமெண்டில் சொட்டினால் அந்தக் கறை வாடகை வீட்டு முன்பணத்தோடு போகும்.

எட்சிங் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். போர்டை உள்ளே விட்டதும் மூடாத செப்பு பளபளப்பை இழந்து மங்கலான இளஞ்சிவப்பாகும். கரைசல் உண்மையில் போர்டைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படி ஆகாமல் எங்காவது பளபளப்பாகவே இருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெயோ டோனரோ படிந்திருக்கிறது. ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வரும், பெரிய வெற்றிடத்தின் நடுவில் ஒரு தீவு மாதிரி கடைசிச் செப்பு நின்று, அதுவும் போய்விடும். கரைசல் பாத்திரத்தை 45 டிகிரி வாக்கில் சுடுதண்ணீரில் மிதக்கவிட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்தில் முடியும், ஆறிய கரைசலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் மணிக்கணக்கில் இழுக்கும். அதற்குள் டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரித்து, மெல்லிய டிராக் அறுந்துவிடும். அதனால்தான் கை வேலைக்கு 0.4 மில்லிமீட்டருக்குக் குறைந்து டிராக் போடாதீர்கள் என்று சொல்வேன். 0.25 வரை போகிறவர்கள் இருக்கிறார்கள், கைராசிக்காரர்கள், நமக்கெதற்கு. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே டோனரில் ஊசித்துளை இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து மார்க்கரால் தொட்டு வைத்துவிடுங்கள். கிட்டில் வந்த மார்க்கர் இதற்கு ஆகாது, கரைசலில் கழன்றுவிட்டது. கடையில் விற்கும் நல்ல பெர்மனென்ட் மார்க்கரை இரண்டு பூச்சாகப் பூசினால் தாங்குகிறது.

பயன்படுத்திய கரைசலை ஜாடியில் ஊற்றி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், பச்சையடித்து மெதுவாகும் வரை. ஜாடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மூடியும் பிளாஸ்டிக், பெயர் பெரிதாக எழுதி, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள், பார்ப்பதற்குக் கோப்பி மாதிரியே இருக்கும். செத்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவது பாவம். அதில் கரைந்திருக்கும் செப்பு மீனுக்கு நஞ்சு. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்துப் பொங்கும், நுரை நின்ற பிறகு சேறாகப் படிவதைத் தனியே வடித்துக் காயவைத்து, குப்பையில் கலக்காமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். கிட்டின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கையேடு என்பதே விசிட்டிங் கார்டு அளவில் ஒரு துண்டுச் சீட்டு.

கைத்துளைப்பான்... விரலால் திருகித் திருகித் துளை போடுவது. நான் சொன்ன காவடி போர்டில் துளை மட்டும் நூறு பக்கம் வரும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழுப்பு போர்டில் எப்படியோ இறங்குகிறது, கண்ணாடியிழை போர்டில் சாதாரண எஃகு பிட் சீக்கிரமே மொட்டையாகிவிடும். கார்பைடு பிட் தாங்கும், ஆனால் அதைக் கையில் பிடித்துத் துளைத்தால் ஒரு மயிரிழை சாய்ந்ததும் படக்கென்று ஒடியும். சின்ன மின் துளைப்பானும் அதை நேராக இறக்கும் ஒரு ஸ்டாண்டும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரெசிஸ்டர், ஐசிக்கு 0.8, கனெக்டர் கால்களுக்கு 1.0 மில்லிமீட்டர் பிட். பேட்டின் நடுவில் ஒரு சின்ன ஓட்டையை வரைபடத்திலேயே விட்டுவிட்டால் எட்சிங்கில் அங்கே குழி விழும், பிட் நழுவாமல் அதில் உட்காரும். துளை போட்டு முடியும்வரை டோனரைத் துடைக்காமல் வையுங்கள், அதுவரை செப்புக்கு அதுதான் சட்டை. துடைத்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த ரோசினை (பைன் மரப் பிசின்) ஒரு கோட்டிங் பூசிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்தில் போர்டு கறுத்துப்போய் சால்டர் ஓடாது.

இப்போது அந்தச் சீனக் கேள்வி. ஷென்சென் ஆலைகளில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் போர்டு ஐந்து, இரண்டு அமெரிக்க டாலர் என்று சலுகை விலை போடுகிறார்கள். பச்சைப் பூச்சு, எழுத்து, துளை, இரண்டு பக்கமும் டிராக், எல்லாம் சேர்த்து. தபால் செலவுதான் அதைவிடக் கூடுதல். 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளிக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது, அதைச் சேர்த்தாலும் வீட்டுப் போர்டு விலையில் அதை ஜெயிக்க முடியாது, தரத்தில் பேச்சே இல்லை. டிசைன் முடிந்துவிட்டது, பத்துக் காவடிக்குப் பத்துப் போர்டு வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே கொடுங்கள். துளை இல்லாமல் போர்டின் மேலேயே பற்றவைக்கும் சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் ஐசி, இரண்டு பக்க டிராக் என்றாலும் அங்கேதான், வீட்டில் இரண்டு பக்கத்தையும் பொருத்துவது எனக்கு இன்னும் தலைவலி.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு யோசனை வந்து, எட்டு மணிக்கு வரைந்து, பதினோரு மணிக்குள் எல்இடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், நாளைக்குத் தம்பி வந்து "அண்ணே, வேகம் பத்தல, ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வெச்சுக் குடுங்க" என்று கேட்டு அதற்காக டிராக்கை மாற்ற வேண்டியிருக்கும் என்றால், எந்த ஆலையும் அதைச் செய்து தராது. ஒற்றைப் பக்க போர்டு, நாலைந்து ஜம்பர் வயர் பரவாயில்லை என்கிற மனசு, வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், இவை இருப்பவர்கள் மஞ்சள் தாளை மட்டும் வாங்குங்கள். பாக்கெட்டைச் சுருட்டி அனுப்பும் கடையில் வாங்க வேண்டாம், மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு விரிந்து டோனர் அங்கே கோடு கோடாகப் பிடிக்காது. அட்டை வைத்துத் தட்டையாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் போட்ட படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். வந்ததும் ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல் ஒன்றைப் போட்டு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள்.